எல்லாத்துக்கும் அலோ குடுத்துட்டேன், இப்ப எங்கேருந்து ஆரம்பிக்கறது?

கேள்வி: எனக்கு வயசு 58. புது ஃபோன் வாங்கினதுலேருந்து எந்த ஆப்பைத் திறந்தாலும் இதை அலோ பண்ணவா அதை அலோ பண்ணவான்னு கேக்குது, வேலை நடந்தா போதும்னு எல்லாத்துக்கும் அலோ குடுத்துட்டேன். அப்புறம் பயம் வந்து செட்டிங்ஸ்ல போய் கண்ணுல பட்டதையெல்லாம் ஆஃப் பண்ணேன். மேப்ல நான் இருக்கற இடமே தெரியல, வீடியோ கால்ல நான் பேசறது யாருக்கும் கேக்கல, பேங்க்லேருந்து மெசேஜ் வந்தா சத்தம் வரல. திரும்ப எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டேன். நடுவுல ஒரு அப்டேட் வேற, பார்த்து வச்ச இடத்துல எதுவும் இல்ல. தங்கச்சிகிட்ட மூட்டு வலி பத்திப் பேசினேன், சாயங்காலமே மூட்டு வலி விளம்பரம் வருது, ஃபோன் ஒட்டுக் கேக்குதா? என் பையன் வெளியூர்ல இருக்கான், லொகேஷனை எப்பவும் தனக்கு ஷேர் பண்ணியே வைக்கணும்னு சொல்றான், எதாவது கேட்டா உனக்கு இதெல்லாம் புரியாதும்மாங்கறான். எனக்குத்தான் புரியலையா? (பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்ட வாசகி)

பதில்: அம்மா வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், உங்களுக்குப் புரியாம இல்ல. எல்லாத்துக்கும் அலோ, அப்புறம் பயந்துபோய் எல்லாத்தையும் ஆஃப், அப்புறம் வேலை நின்னு போச்சுன்னு திரும்ப ஆன், இதே வரிசையில போய் மாட்டிக்கிட்டவங்க என்கிட்ட நிறைய பேர் வராங்க, அதுல படிச்சவங்க, கம்ப்யூட்டர்லயே வேலை பார்க்கறவங்க எல்லாரும் உண்டு. ஆப்களோட பாதுகாப்பை சோதிச்சுப் பார்க்கறதுதான் என் வேலை, ஆனா பழக்கமில்லாத கம்பெனி ஃபோனைக் கையில குடுத்தா எந்த ஸ்விட்ச் எங்க இருக்குன்னு நானும் தேடத்தான் செய்வேன்.

2012ல அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆண்ட்ராய்ட் ஃபோன் வச்சிருக்கறவங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது வர பர்மிஷன் பக்கத்தைக் கவனிச்சவங்க 17 சதவீதம்தான், அந்த பர்மிஷன் எதுக்குன்னு கேட்ட மூணு கேள்விக்கும் சரியா பதில் சொன்னவங்க வெறும் 3 சதவீதம். அப்பல்லாம் இன்ஸ்டால் பண்ணும்போதே மொத்தமா கேக்கும், சரின்னு சொன்னா ஆப் வரும், இல்லன்னா ஆப்பே கிடையாது. 2015ல வந்த ஆண்ட்ராய்ட் 6லேருந்துதான் தேவைப்படும்போது ஒண்ணொண்ணா கேக்கற முறை வந்துச்சு. அது நல்ல மாற்றம்தான், ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் புதுசு புதுசா ஸ்விட்ச் சேர்த்துக்கிட்டே போறாங்க, பழசை வேற இடத்துக்கு மாத்தறாங்க, ஒவ்வொரு ஃபோன் கம்பெனியும் அதே விஷயத்துக்கு வேற வேற பேர் வைக்குது. பிரான்ஸோட டேட்டா பாதுகாப்பு ஆணையம் 2019 ஜனவரில கூகுளுக்கு 5 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு, அதுல அவங்க சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, முக்கியமான விவரமெல்லாம் பல பக்கத்துல சிதறிக் கிடக்கு, சிலதைப் பார்க்க அஞ்சாறு தடவை அழுத்தி அழுத்திப் போக வேண்டியிருக்குங்கறதுதான். ஒரு நாட்டு அரசாங்க அமைப்பே இப்படிச் சொல்லியிருக்கும்போது நீங்க உங்களையே குறை சொல்லிக்கறது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். இது ஏன் இவ்வளவு குழப்பமா இருக்குன்னா பிரைவசி செட்டிங்ஸ் ஒரே இடத்துல இல்ல, மூணு இடத்துல இருக்கு, இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்றதில்ல. ஃபோனோட செட்டிங்ஸ் ஒண்ணு, எந்த ஆப் கேமராவைத் தொடலாம் எந்த ஆப் மைக்கைத் தொடலாம்னு அதுதான் முடிவு பண்ணும். ரெண்டாவது உங்க அக்கவுண்ட், அதாவது கூகுள் இல்லன்னா ஆப்பிள் அக்கவுண்ட், அதுல சேர்ந்துபோன விஷயம் ஃபோன்ல இருக்காது, அவங்க சர்வர்ல, அதாவது அந்தக் கம்பெனியோட கம்ப்யூட்டர்ல இருக்கும், ஃபோனை மாத்தினாலும் கூடவே வரும். மூணாவது ஒவ்வொரு ஆப்புக்குள்ளயும் இருக்கற செட்டிங்ஸ், உங்க ஃபோட்டோவை யார் பார்க்கலாம், கடைசியா எப்ப ஆன்லைன்ல இருந்தீங்கன்னு யாருக்குத் தெரியணும், யார் உங்களை குரூப்ல சேர்க்கலாம் இதெல்லாம் அங்க. ஒரு இடத்துல ஆஃப் பண்ணிட்டு முடிஞ்சுதுன்னு நினைச்சிடறோம், மத்த ரெண்டும் திறந்தே கிடக்கும்.

இதுக்கு நல்ல உதாரணம் 2018ல வெளிய வந்துச்சு. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விசாரிச்சு எழுதினாங்க, கூகுள் அக்கவுண்ட்ல லொகேஷன் ஹிஸ்டரியை ஆஃப் பண்ணினாலும் வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டின்னு இன்னொரு ஸ்விட்ச் ஆன்ல இருந்தா அது வழியா நீங்க போன இடம் பதிவாகிக்கிட்டுதான் இருக்குன்னு. பேரைப் பார்த்தா லொகேஷனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாருக்காவது தோணுமா? 2022 நவம்பர்ல அமெரிக்காவோட 40 மாநிலங்கள் இதைப் பத்தி நடத்தின விசாரணையில கூகுள் 39 கோடி டாலருக்கு மேல குடுத்து சமரசத்துக்கு வந்துச்சு. அதனால நீங்க கண்ணுல பட்டதையெல்லாம் ஆஃப் பண்ணும்போதுகூட இது உங்க கண்ணுல பட்டிருக்காது. கூகுள் அக்கவுண்ட்ல டேட்டா அண்ட் பிரைவசிங்கற பக்கத்துல இருக்கும், அங்க ரெண்டையும் பாருங்க, லொகேஷன் ஹிஸ்டரிக்கு இப்ப டைம்லைன்னு பேர். முழுசா நிறுத்த மனசில்லன்னா பழசு தானா அழியற மாதிரி ஆட்டோ டிலீட் வைக்கலாம், 3 மாசம்னு ஒரு தேர்வு இருக்கு, அதைப் போடுங்க.

இப்ப எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்க. செட்டிங்ஸ்ஸை மேலேருந்து கீழ ஒண்ணொண்ணா பார்த்துக்கிட்டு போகாதீங்க, அப்படிப் போனா நடுவுல அலுத்துப்போய் விட்டுடுவீங்க. முதல்ல நீங்க தொடாத ஆப் எல்லாத்தையும் அழிங்க. இல்லாத ஆப்புக்கு எந்த செட்டிங்ஸும் பார்க்க வேண்டாம், இதைவிடப் பெரிய வேலை வேற எதுவும் இல்லன்னு நான் நினைக்கிறேன். அப்புறம் செட்டிங்ஸோட மேல ஒரு தேடற கட்டம் இருக்கும் பாருங்க, அப்டேட்டுக்கு அப்புறம் இடம் மாறிப்போச்சுன்னு சொன்னீங்களே, அதுக்கு இதுதான் வழி, இடத்தை ஞாபகம் வச்சுக்க வேண்டாம், பேரைத் தேடுங்க. பர்மிஷன்னு போட்டா பர்மிஷன் மேனேஜர் வரும், ஃபோன் தமிழ்ல இருந்தா அனுமதின்னு போட்டுப் பாருங்க. ஐஃபோன்னா பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்துல அதே பட்டியல் இருக்கும். உள்ள போனா லொகேஷன், மைக், கேமரா, கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ்னு வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுலயும் யார் யாருக்குக் குடுத்திருக்கீங்கன்னு தெரியும். பார்க்கும்போது மனசுல ஒரே ஒரு கேள்வி இருந்தா போதும், இந்த ஆப்போட வேலை என்ன, அந்த வேலைக்கு இது வேணுமா? மேப்புக்கு லொகேஷன் வேணும், வீடியோ காலுக்கு மைக்கும் கேமராவும் வேணும். டார்ச் லைட் ஆப்புக்கு எதுக்கு லொகேஷன்? சும்மா சொல்லல, 2013ல அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி ஒரு டார்ச் லைட் ஆப் மேல நடவடிக்கையே எடுத்துச்சு, லைட் போடறதுக்காக மக்கள் இறக்கின ஆப் அவங்க இருக்கற இடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிக்கிட்டு இருந்துச்சு, சம்மதமா இல்லையான்னு அது கேக்கும், ஆனா நீங்க பதில் சொல்றதுக்கு முன்னாடியே தகவல் போயிடும்.

சந்தேகமா இருந்தா வேணாம்னே சொல்லுங்க. வேணாம்னு சொன்னா ஃபோன் கெட்டுப்போகாது, மிஞ்சிப்போனா அந்த ஒரு வேலை நடக்காது, அப்ப அந்த ஆப்பே எனக்கு இது வேணும்னு சொல்லி உங்களை செட்டிங்ஸுக்குக் கூட்டிட்டுப் போகும். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, புது ஆண்ட்ராய்ட்ல ரெண்டு தடவை மறுத்துட்டா அப்புறம் அந்தக் கேள்வி வராது, ஐஃபோன்ல ஒரு தடவை மறுத்தாலே போதும். அதனால பின்னாடி தேவைப்பட்டா நாமளே உள்ள போய்த்தான் ஆன் பண்ணணும், ஏதோ உடைஞ்சுபோச்சுன்னு பயப்படாதீங்க.

உங்க வீட்டு விஷயத்துக்கே வரேன். மேப்ல இடம் தெரியலன்னா ரெண்டு ஸ்விட்ச் பார்க்கணும், ஃபோன் மொத்தத்துக்கும் ஒரு லொகேஷன் ஸ்விட்ச், மேப் ஆப்புக்குன்னு ஒண்ணு, ரெண்டும் ஆன்ல இருக்கணும். வீடியோ கால்ல குரல் போகலன்னாலும் அதே கதைதான், 2021ல வந்த ஆண்ட்ராய்ட் 12லேருந்து மேலேருந்து கீழ இழுத்தா வர கட்டங்கள்ல மைக்குக்கும் கேமராவுக்கும் மொத்தமா ஒரு ஸ்விட்ச் வச்சுக்கலாம், அதை ஆஃப் பண்ணிட்டா எந்த ஆப்புக்கும் மைக் போகாது. பேங்க் மெசேஜ் சத்தம் வராதது நோட்டிஃபிகேஷன் விஷயம், அதை பேங்க் ஆப்புக்கும் மெசேஜ் ஆப்புக்கும் தயங்காம ஆன் பண்ணுங்க, பணம் போனா உடனே தெரியணும். ஆனா லாக் ஸ்கிரீன்ல மெசேஜ் முழுசும் தெரியாத மாதிரி மறைச்சு வைங்க, ஓடிபி வந்தா மேஜை மேல கிடக்கற ஃபோன்ல பக்கத்துல இருக்கறவங்க படிச்சிடக் கூடாது.

லொகேஷன் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா நம்மகிட்ட மறைக்க என்ன இருக்குன்னு கேக்கறவங்க இதைத்தான் லேசா எடுத்துக்கறாங்க. 2013ல வெளிவந்த ஒரு ஆய்வுல 15 லட்சம் பேரோட மொபைல் தகவலை பேர் நம்பர் எதுவும் இல்லாம எடுத்துப் பார்த்தாங்க, எந்த நேரத்துல எந்த இடத்துல இருந்தாங்கன்னு வெறும் நாலு புள்ளி தெரிஞ்சா போதும், 95 சதவீதம் பேரைத் தனியா பிரிச்சு எடுத்துட முடியுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ராத்திரி எங்க தூங்கறீங்க, பகல்ல எங்க போறீங்க, எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை நாளைக்கு ஒருதடவை போறீங்க, இவ்வளவும் சேர்ந்தா அதுதான் நீங்க, பேரே தேவையில்ல. 2017 நவம்பர்ல ஸ்ட்ராவான்னு உடற்பயிற்சி ஆப் வெளியிட்ட உலக மேப்ல ராணுவ முகாம்கள்ல வீரர்கள் ஓடற பாதையெல்லாம் கோடு கோடா தெரிஞ்சு 2018 ஜனவரில பெரிய பிரச்சனையாச்சு. ராணுவத்துல இருக்கறவங்களே கவனிக்காம விட்ட ஸ்விட்ச் அது. அதனால லொகேஷன்ல எப்பவும் அலோங்கற வரியில யார் யார் இருக்காங்கன்னு இன்னைக்கே பாருங்க, அந்த வரி கிட்டத்தட்ட காலியா இருக்கணும். ஆப் பயன்படுத்தும்போது மட்டும்னு இருக்கறது போதும். வானிலை ஆப்புக்கெல்லாம் துல்லியமான இடமே வேண்டாம், சுமாரான இடம் குடுத்தா போதும், ஐஃபோன்ல 2020லேருந்தும் ஆண்ட்ராய்ட்ல 2021லேருந்தும் அதுக்குத் தனி ஸ்விட்ச் இருக்கு.

ஃபோட்டோவும் கான்டாக்ட்ஸும் சீக்கிரமா சொல்லிடறேன். ஃபோட்டோ கேட்டா மொத்தத்தையும் குடுக்காதீங்க, தேர்ந்தெடுத்தது மட்டும்னு ஒரு வழி ஐஃபோன்லயும் புது ஆண்ட்ராய்ட்லயும் இருக்கு. கான்டாக்ட்ஸ்ல இருக்கறது உங்க தகவல் மட்டும் கிடையாது, உங்களை நம்பி நம்பர் குடுத்த அத்தனை பேரோடதும், அவங்கள யாரும் கேக்கல, அதனால ஆளைக் கூப்பிடற, மெசேஜ் அனுப்பற ஆப்பைத் தவிர வேற எதுக்கும் குடுக்காதீங்க.

இப்ப நான் ரொம்பக் கவலைப்படற விஷயம். நீங்க கடிதத்துல இதைக் கேக்கவே இல்ல, ஏன்னா சாதாரண பர்மிஷன் பட்டியல்ல இது வராது. ஆண்ட்ராய்ட்ல ஆக்சஸிபிலிட்டின்னு ஒரு அனுமதி இருக்கு. கண் பார்வை குறைவானவங்களுக்கு ஸ்கிரீன்ல இருக்கறதைப் படிச்சுக் காட்டறதுக்கும், கையால தொட முடியாதவங்களுக்குப் பதிலா பட்டனை அழுத்தறதுக்கும் வந்த அருமையான வசதி அது. அதனாலயே ரொம்ப ஆபத்தானதும்கூட, இந்த அனுமதி வாங்கின ஆப் உங்க ஸ்கிரீன்ல வர எல்லாத்தையும் படிக்கும், உங்களுக்காக பட்டனையும் அழுத்தும், பேங்க் ஆப்புக்குள்ளயும்தான். பணம் திருடற ஆப்கள் முதல்ல தேடறது இதைத்தான். கூடவே எஸ்எம்எஸ் படிக்கற அனுமதி, நோட்டிஃபிகேஷன் படிக்கற அனுமதி, மத்த ஆப் மேல வந்து நிக்கற அனுமதி, ப்ளே ஸ்டோருக்கு வெளிய ஆப் இன்ஸ்டால் பண்ற அனுமதி, இந்த நாலையும் பாருங்க. செட்டிங்ஸ்ல ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்னு தேடுங்க, இதுல பாதி அங்க இருக்கும், ஆக்சஸிபிலிட்டி தனிப் பக்கம். உங்களுக்குத் தெரியாத பேர் ஒண்ணு அங்க ஆன்ல இருந்தா உடனே ஆஃப் பண்ணிட்டு அந்த ஆப்பை அழிங்க, அழிக்க விடலன்னா ஃபோனையே கட்டுப்படுத்த அனுமதி வாங்கின ஆப்கள் இருக்கற டிவைஸ் அட்மின்ங்கற பட்டியல்லயும் அது உக்காந்திருக்கும், அங்க எடுத்துட்டு அப்புறம் அழிங்க. யாராவது ஃபோன் பண்ணி பேங்க்லேருந்து பேசறேன், இந்த ஆப்பை இறக்குங்க, நான் சொல்றதை அலோ பண்ணுங்க, ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்கன்னு சொன்னா பேச்சே வேண்டாம், கட் பண்ணுங்க. மத்த எந்த செட்டிங்ஸையும் பார்க்க நேரமில்லன்னாலும் இந்த ஒரு பத்தியை மட்டும் செஞ்சிடுங்க அம்மா, விளம்பரக்காரன் உங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கறது எரிச்சல், ஆனா இதுல போறது சேர்த்து வச்ச பணம்.

மூட்டு வலி விளம்பரம். அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல 2018ல 17 ஆயிரத்துக்கும் மேல ஆண்ட்ராய்ட் ஆப்களை எடுத்து சோதிச்சாங்க, ரகசியமா மைக்கை ஆன் பண்ணி பேச்சை அனுப்பறதா ஒண்ணுகூட அகப்படல. ஆனா சில ஆப் ஸ்கிரீன்ல நீங்க பண்றதை வீடியோவா எடுத்து வேற கம்பெனிக்கு அனுப்பினது தெரிய வந்துச்சு. ஒட்டுக் கேக்காமலே இந்த விளம்பரம் வர நிறைய வழி இருக்கு, உங்க தங்கச்சி அதைப் பத்தித் தேடியிருக்கலாம், ரெண்டு பேரும் ஒரே வைஃபைல இருந்திருக்கலாம், இல்ல உங்க வயசை மட்டும் வச்சே போட்டிருக்கலாம். எந்த ஆப் மைக்கைத் தொட்டுச்சுன்னு சந்தேகமே வேண்டாம், நீங்களே பார்த்துக்கலாம், ஆண்ட்ராய்ட் 12லேருந்து பிரைவசி டாஷ்போர்டுன்னு இருக்கு, கடந்த 24 மணி நேரத்துல மைக், கேமரா, லொகேஷனை யார் எத்தனை மணிக்குத் தொட்டாங்கன்னு காட்டும். மைக் ஓடும்போது ஸ்கிரீன் மேல ஆண்ட்ராய்ட்ல பச்சையா ஒரு அடையாளம் வரும், ஐஃபோன்ல ஆரஞ்சுப் புள்ளி வரும், நீங்க யார்கிட்டயும் பேசாதப்ப அது வந்தா விசாரிங்க. விளம்பரத்தைக் குறைக்கணும்னா ஆண்ட்ராய்ட்ல அட்வர்டைசிங் ஐடின்னு தேடி டிலீட் பண்ணுங்க, விளம்பரக் கம்பெனிகள் உங்க ஃபோனை அடையாளம் கண்டுபிடிக்கற நம்பர் அது, ஐஃபோன்ல ட்ராக் பண்ணவான்னு ஆப் கேக்கும்போது வேணாம்னு சொல்லுங்க, அந்தக் கேள்வி 2021 ஏப்ரல்லேருந்துதான் கட்டாயமாச்சு. விளம்பரம் வரத்தான் வரும், உங்களையே பின்தொடர்ந்து வரது குறையும்.

பையன் விஷயம். அவர் கவலை நியாயமானது, தூரத்துல இருக்கற பிள்ளைக்கு அம்மா பத்திரமா வீடு வந்தாங்களான்னு தெரியணும், அதுல தப்பில்ல. ஆனா எப்பவும் ஷேர்ல இருக்கணுமா வேண்டாமாங்கறது உங்க முடிவு. உங்க சம்மதத்தோட நடந்தா அது அக்கறை, கேக்காம அவரே ஃபோனை வாங்கி ஆன் பண்ணி வச்சா அது வேற. நேர்ல வரும்போது பக்கத்துல உக்காரச் சொல்லுங்க, ஃபோன் உங்க கையிலயே இருக்கட்டும், நான் மேல சொன்னதை அவர் வாசிக்கட்டும், நீங்க அழுத்துங்க. உங்க விரல் ரெண்டு தடவை அந்தப் பக்கம் போயிட்டு வந்தா மூணாவது தடவை அவரைக் கேக்க மாட்டீங்க. அப்பவே லொகேஷன் ஷேரிங் பட்டியலையும் திறந்து பாருங்க, கூகுள் மேப்ஸ்ல உங்க படத்தை அழுத்தினா வரும், எப்பவோ யாருக்கோ குடுத்து மறந்துபோனது இருந்தா நிறுத்திடுங்க. ஐஃபோன்னா சேஃப்டி செக்னு ஒண்ணு 2022லேருந்து இருக்கு, யார்கூட என்ன ஷேர் ஆகுதுன்னு ஒரே இடத்துல காட்டும். பையனுக்கு தினமும் வேண்டியதில்லன்னு தோணினா பயணம் போற அன்னைக்கு மட்டும் வாட்ஸாப்ல லைவ் லொகேஷன் அனுப்புங்க, 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம்னு மூணு தேர்வு இருக்கும், நேரம் முடிஞ்சதும் தானா நின்னுடும், நடுவுல வேணாம்னாலும் நீங்களே நிறுத்திக்கலாம்.